எம்பி3யைத் தட்டி விளையாட முதல்: பியூர் டேட்டாவுக்குப் புதுசா வாற ஆக்களுக்கு

பியூர் டேட்டாவை இறக்கிப் பூட்டிப்போட்டு, போனில கிடந்த ஒரு எம்பி3யை அதுக்குள்ள குடுத்துப் பாக்கிற எல்லாருக்கும் முதல்ல நடக்கிறது ஒண்டுதான், சத்தம் வராது. பக்கத்தில நிக்கிற சின்ன யன்னலில ஹெடர் ஃபோர்மட் விளங்கேல்லை எண்ட மாதிரி ஒரு வரி வந்து நிக்கும், அதைப் பாத்துட்டு சொஃப்ட்வெயார் பழுது எண்டு அழிச்சுப்போட்டுப் போன ஆக்கள் கனபேர். பழுது ஒண்டும் இல்லை. அதுக்கு வேவ், ஏஐஎஃப்எஃப் மாதிரி சுருக்காத ஃபைல்தான் நேர விளங்கும், எம்பி3 குடுத்தா விளங்காம முழிக்கும்.

பியூர் டேட்டா எண்டுறது என்னண்டு தெரியாத ஆக்களுக்குக் கொஞ்சம் சொல்லுறன். அது பெட்டியளை வயரால கொழுவிக் கொழுவி நாங்களே வாத்தியம் செய்யிற ஒரு சொஃப்ட்வெயார். மில்லர் பக்கெட் எண்டவர் 1990களில எழுதினது, அதுக்கு முதல் 1980களில பாரிசில இர்காம் எண்ட இசை ஆராய்ச்சி நிலையத்தில இருந்து மேக்ஸ் எண்ட இதே மாதிரிச் சொஃப்ட்வெயாரை எழுதினதும் அதே ஆள்தான். மேக்ஸ் காசு, இது சும்மா. விண்டோஸ், மேக், லினக்ஸ், ராஸ்பெரி பை எல்லாத்திலயும் ஓடும், வீட்டில மூலைக்க கிடக்கிற பழைய லப்டொப் காணும். நாடகத்துக்கு சத்தம் போடுற பெடியள், நடனத்துக்கு சென்சர் வைச்சுப் பாக்க ஆசைப்படுற பெட்டையள், சும்மா கீபோட்டில ஒரு எழுத்தை அமத்தினா ஒரு தவில் அடி கேக்கோணும் எண்டு நினைக்கிற ஆக்கள், எல்லாருக்கும் இது சரிவரும்.

நான் சொல்லவாற விசயம் பெரிசா ஒண்டும் இல்லை. சுருக்கின ஃபைல் அனுப்பிறதுக்கும் வைச்சிருக்கிறதுக்கும் நல்லது, ஆனா தட்டி, வெட்டி, சுத்தி, இழுத்து விளையாடப்போற சத்தத்தை முதலே விரிச்சு வேவ் ஆக்கிப்போட்டுத்தான் உள்ளுக்க கொண்டுபோகோணும். காசு குடுத்து வாங்கிற ஏபிள்டன் லைவ் எண்ட இசைச் சொஃப்ட்வெயார்கூட நீங்கள் எம்பி3யை இழுத்துப் போட்ட உடன தனக்கெண்டு ஒரு சுருக்காத பிரதியை எழுதி வைச்சுக்கொண்டு அதைத்தான் வாசிக்குது, வெளியில பெரிசாக் காட்டிக்கொள்ளுறேல்லை, அவ்வளவுதான்.

ஏன் இந்த மினக்கேடு எண்டு கேப்பியள்

போனில பாட்டுக் கேக்கேக்க ஃபைல் தொடக்கத்தில இருந்து முடிவு வரைக்கும் ஒரே நேராப் போகும், இடையில ஆரும் தொடுறேல்லை. நாங்கள் செய்யப்போறது அப்பிடி இல்லை. மூண்டாவது செக்கனில இருந்து அரைச் செக்கன் மட்டும் வேணும், அது கையை வைச்ச உடன கேக்கோணும், பேந்து அதையே பாதி வேகத்தில வேணும். எம்பி3க்குள்ள சத்தம் 1152 சாம்பிள் (சத்தத்தை அளந்து எழுதின ஒவ்வொரு இலக்கமும் ஒரு சாம்பிள்) கொண்ட துண்டு துண்டாத்தான் கிடக்கு, செக்கனுக்கு 44,100 சாம்பிள் எண்ட ரேட்டில ஒரு துண்டு ஏறக்குறைய 26 மில்லிசெக்கன். ஒரு துண்டை விரிக்கிறதுக்கு சிலவேளை அதுக்கு முன்னுக்கு இருக்கிற துண்டிலயும் தகவல் எடுக்கோணும். அதால நினைச்ச இடத்தில நினைச்ச உடன தொடங்கிறது அதுக்கு இயல்பா வாற வேலை இல்லை.

அது கம்பியூட்டரிட சோலி, அதை விடுங்கோ. காதுக்கு வாற சோலிதான் எனக்குப் பெரிசு.

தவிலை எடுப்பம். வலந்தலையில கூடு போட்ட விரலால ஒரு அடி அடிச்சா அந்தச் சத்தம் எங்கயும் இல்லாம இருந்து சடார் எண்டு மேல ஏறும், அந்த ஏத்தத்திலதான் அடியின்ர உயிரே இருக்கு. எம்பி3 என்ன செய்யுது எண்டா, ஒரு துண்டு நேரத்தை மொத்தமா எடுத்து, காதுக்குக் கேக்காது எண்டு தான் நினைக்கிறதை எறிஞ்சுபோட்டு மிச்சத்தைச் சேமிக்குது. எறிஞ்சதால வாற கரகரப்பு அந்தத் துண்டு முழுக்கப் பரவிக் கிடக்கும், அதாவது அடி விழ முதலே, அமைதியா இருக்கவேண்டிய இடத்திலயும் ஒரு சின்ன 'ஸ்ஸ்' வந்திரும். இதை முன்னெதிரொலி எண்டு சொல்லுறவை. பாட்டுக்குள்ள வரேக்க இது ஆருக்கும் தெரியாது. அந்த ஒரு அடியை மட்டும் வெட்டி எடுத்து, ஒரு பட்டனில வைச்சு, திரும்பத் திரும்ப அமத்திப் பாருங்கோ, பிட்ரேட் (ஒரு செக்கன் சத்தத்துக்கு ஃபைலில பிடிக்கிற தகவல்) குறைஞ்ச ஃபைல் எண்டா கூர் மழுங்கின மாதிரி இருக்கும். ஹெட்போன் போட்டுக் கேட்டா வடிவா விளங்கும்.

அடுத்தது இழுக்கிறது. 128 கிலோபிட் எம்பி3யில பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தோட மேல்சத்தத்தை வெட்டிப்போடும், சாதாரண வேகத்தில கேக்கேக்க அதால பெரிய நட்டம் இல்லை, கனபேருக்கு அந்த உயரம் கேக்கிறதும் இல்லை. ஆனா கோயில் மணி ஒண்டை நாலிலொரு பங்கு வேகத்துக்கு இறக்கினா அந்த வெட்டும் கீழ இறங்கி 4 கிலோஹெர்ட்ஸில வந்து நிக்கும், அதுக்கு மேல ஒண்டுமே இல்லை, மணிக்குப் போர்வை போத்தின மாதிரி ஆயிரும். நேர வேவில றெக்கோட் பண்ணின மணியை அதே அளவு இறக்கினா, முதல் கேக்காமக் கிடந்த மினுமினுப்பெல்லாம் கீழ இறங்கி காதுக்குள்ள வரும். இந்த ஒண்டைக் கேட்டாலே வேவின்ர அருமை தெரிஞ்சிரும்.

இப்ப வேலைக்கு வருவம்

முதல்ல ஃபைல் எங்க இருந்து வருது எண்டு பாருங்கோ. நீங்களே றெக்கோட் பண்ணுறதெண்டா போனில வேவ் எண்டு ஒரு தெரிவு இருக்கிற றெக்கோடரைப் போட்டு அதில எடுங்கோ, அரைவாசிச் சோலி அங்கயே முடிஞ்சிரும். கனக்கப் போனுகளில சும்மா விட்டா எம்4ஏ எண்ட சுருக்கின ஃபைல்தான் விழும். வேற ஆக்களிட்ட வாங்கிறதெண்டா, உதாரணத்துக்கு இணுவிலில தவில் வாசிக்கிற ஒரு அண்ணையிட்டக் கேட்டு எடுக்கிறியள் எண்டு வைப்பம், வட்ஸ்அப்பில வொய்ஸ் மெசேஜா அனுப்பச் சொல்லாதேங்கோ. வொய்ஸ் மெசேஜ் ஓபஸ் எண்ட முறையில நல்லா நெரிச்சுத்தான் வரும், அது பேச்சுக்கு செய்த ஏற்பாடு, தவிலுக்கு இல்லை. றெக்கோடரில எடுத்த ஃபைலை டொக்கியுமெண்ட் எண்டு குடுத்து அனுப்பச் சொல்லுங்கோ, அப்ப ஃபைல் இருந்தபடியே வந்து சேரும். அதோட, என்னத்துக்குப் பாவிக்கப்போறியள் எண்டதையும் அவருக்குச் சொல்லி ஓம் எண்டு வாங்கிப்போட்டுச் செய்யுங்கோ. அவற்ற கைதானே அது.

யூரியூப்பில இருந்து இறக்கி எம்பி3 ஆக்கித் தாற இடங்கள் இருக்கு. உரிமைப் பிரச்சினை ஒரு பக்கம் கிடக்கட்டும், அங்க இருக்கிறதே ஏற்கனவே சுருக்கினது, அதைத் திரும்ப எம்பி3 ஆக்கினா ரெண்டாம் தரம் சுருங்குது. ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கொஞ்சமாப் போகும். பழைய தவில் கச்சேரி ஒண்டு எம்பி3யா மட்டும்தான் கையில கிடைக்குது எண்டா அதை வைச்சுச் செய்யத்தான் வேணும், வேற வழி இல்லை, ஆனா அதுக்குப் பிறகு எங்கட கையில திரும்ப ஒருக்கா எம்பி3 ஆகக்கூடாது.

இன்னொண்டு. ஃபைலின்ர பேரில கடைசியில இருக்கிற எம்பி3யை அழிச்சு வேவ் எண்டு ரைப் பண்ணிவிட்டா அது வேவ் ஆகாது. சிரிக்காதேங்கோ, இதைச் செய்யிற ஆக்கள் இருக்கினம். உள்ளுக்க அதே எம்பி3தான், பியூர் டேட்டா முதல் நாலு எழுத்தை வாசிச்ச உடன கண்டுபிடிச்சிரும்.

மாத்திறதுக்கு ஓடாசிட்டி எண்ட சத்தம் வெட்டித் திருத்திற சொஃப்ட்வெயார் காணும், அதுவும் சும்மாதான். எம்பி3, ஃபிளாக், ஓக் வோர்பிஸ் எல்லாம் நேர திறக்கும், எம்4ஏ திறக்க விண்டோஸில எஃப்எஃப்எம்பெக் எண்ட லைப்ரரியையும் கூடப் போடோணும். ஃபைலை உள்ளுக்க இழுத்துப் போட்டிட்டு அலை வடிவத்தைப் பெருப்பிச்சுப் பாருங்கோ. எம்பி3 எண்டா தொடக்கத்தில கொஞ்சம் வெறும் கோடாக் கிடக்கக்கூடும், அடி விழுற இடத்துக்குச் சரியா முன்னுக்கு வரைக்கும் அதைத் தெரிவுசெய்து அழியுங்கோ. இதைச் செய்யாம விட்டா பட்டனை அமத்தினதுக்கும் சத்தத்துக்கும் இடையில ஒரு இழுவை வரும், பிறகு சவுண்ட் கார்ட் பிழை, லப்டொப் பழசு எண்டு எல்லாத்தையும் பேசிக்கொண்டிருப்பியள்.

தவில் அடி, மணி, கைதட்டு மாதிரி ஒற்றைச் சத்தங்களை மோனோ ஆக்கிப்போடுங்கோ, ட்ராக்ஸ் மெனுவில மிக்ஸ் எண்டதுக்குள்ள இருக்கு. பியூர் டேட்டாவில ஒரு அரேக்கு (சத்தத்தை மெமரியில வைச்சிருக்கிற அட்டவணை) ஸ்டீரியோ ஃபைலைக் குடுத்தா இடப்பக்கத்தை மட்டும்தான் எடுக்கும், வலப்பக்கம் ஏன் கேக்கேல்லை எண்டு பேந்து தேடவேண்டி வரும். எக்ஸ்போட் பண்ணேக்க வேவ், 16 பிட் பிசிஎம் எண்டு தெரியுங்கோ. எம்பி3யில இருந்து வந்ததை 24 பிட், 32 பிட் எண்டு எழுதினா ஃபைல்தான் கொழுக்கும், சத்தம் திருந்தாது. ஒடியலை ஊறப்போட்டுக் கூழ் காய்ச்சலாம், திரும்பப் பச்சைக் கிழங்கு ஆக்கேலாது, அது மாதிரித்தான் இதுவும். விரிக்கிறது விளையாடுறதுக்கு வசதிக்கு, போனது போனதுதான்.

சாம்பிள் ரேட், இதில கொஞ்சம் நிண்டு போவம்

எங்கட ஆக்கள் கூடத் தடக்குப்படுறது இந்த இடத்திலதான், அதுவும் பாட்டுப் படிச்ச ஆக்கள். பியூர் டேட்டா ஃபைலின்ர ரேட்டைப் பாத்துத் தானா மாத்தித் தாறேல்லை, தான் எந்த ரேட்டில ஓடுதோ அந்த ரேட்டிலயே எல்லாத்தையும் வாசிக்கும். ஃபைல் 44,100, லப்டொப் 48,000 எண்டு நிண்டா எல்லாம் கொஞ்சம் கெதியாவும் உயரமாவும் கேக்கும், ஏறக்குறைய ஒன்றரை செமிடோன். கட்டைக் கணக்கில சொல்லப்போனா, 2 கட்டையில எடுத்த சுருதிப்பெட்டி இரண்டரைக்கும் மூண்டுக்கும் நடுவில எங்கயோ போய் நிக்கும். அதோட சேர்ந்து ஒரு பிள்ளை பாடினா எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ, கேக்கிறவை பிள்ளையைத்தான் பிழை சொல்லுவினம்.

அதால ஒரு ரேட்டை முடிவு செய்து எல்லா ஃபைலையும் அதுக்கே கொண்டுவாங்கோ. நான் எண்டா 48,000 எண்டு சொல்லுவன், ஏன் எண்டா வீடியோ எல்லாம் அதிலதான் வருது, ஓபஸ் ஃபைலும் விரிக்கேக்க சாதாரணமா அதுக்குத்தான் விரியும், இப்பத்தைய லப்டொப்புகளும் கனக்க அதிலதான் நிக்குது. சீடியில இருந்து எடுத்த சாமான்தான் கூட எண்டா 44,100 எண்டு வைச்சாலும் ஒண்டும் கெட்டுப்போகாது, எல்லாம் ஒண்டா இருந்தாச் சரி. ஓடாசிட்டியில எக்ஸ்போட் பண்ணுற இடத்தில ரேட்டைத் தெரிஞ்சா அது ஒழுங்கா மாத்தி எழுதும். ட்ராக்கின்ர பேருக்குப் பக்கத்தில திறக்கிற மெனுவிலயும் ரேட் எண்டு ஒண்டு கிடக்கு, அதைத் தொடாதேங்கோ, அது மாத்திறேல்லை, வேகத்தைக் குழப்பும். பிறகு பியூர் டேட்டாவில ஓடியோ செட்டிங்ஸைத் திறந்து அங்கயும் அதே எண்தானா எண்டு பாருங்கோ.

பேரும் இடமும்: ஃபைல் பேரில இடைவெளி விடாதேங்கோ, ஆங்கில எழுத்தும் இலக்கமும் மட்டும் பாவியுங்கோ. பேட்ச்சை (பெட்டியளும் வயரும் கொழுவி நீங்கள் செய்யிற ஃபைல்) முதல்ல சேவ் பண்ணி, அதே ஃபோல்டருக்குள்ள சத்தங்களையும் போடுங்கோ, அப்ப வெறும் பேரைச் சொன்னாலே எடுக்கும்.

உள்ளுக்க போடுறது

பெட்டிக்குள்ள ரைப் பண்ணேக்க எல்லாம் ஆங்கில எழுத்திலதான் அடிக்கோணும், நான் இஞ்ச சத்தத்துக்கு எழுதி, அடிக்கவேண்டிய எழுத்தை அடைப்புக்குறிக்குள்ள போடுறன். புட் மெனுவில அரே எண்டதை எடுங்கோ, பேர் கேக்கும், தவில்1 எண்டு வையுங்கோ. அதிலயே உள்ளடக்கத்தைச் சேமிக்கவோ எண்டு ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கோ. விட்டா பேட்ச் ஃபைலுக்குள்ள ஒவ்வொரு சாம்பிளையும் இலக்கமா எழுதி வைக்கும், திறக்கிறதுக்கே ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் போகும்.

கன்ட்ரோல் 1 அமத்தினா ஒப்ஜெக்ட் பெட்டி வரும், சவுண்ட்ஃபைலர் (soundfiler) எண்டு அடியுங்கோ. கன்ட்ரோல் 2 அமத்தினா மெசேஜ் பெட்டி, அதுக்குள்ள ரீட் (read), இடைவெளி, கழித்தல் குறியோட ரீசைஸ் (-resize), இடைவெளி, ஃபைல் பேர், இடைவெளி, அரேயின்ர பேர். மெசேஜ் பெட்டியின்ர அடியில இருந்து சவுண்ட்ஃபைலரின்ர தலைக்கு வயர் இழுங்கோ. கன்ட்ரோல் ஈ அமத்தி எடிட்டில இருந்து வெளியில வந்து மெசேஜைக் கிளிக் பண்ணினா அரேக்குள்ள அலை வடிவம் வந்து விழும். ரீசைஸ் போடாட்டி அரே இருந்த அளவுக்கு மட்டும்தான் நிரம்பும், அது வெறும் 100 சாம்பிள், ஒரு 'டிக்' மட்டும் கேக்கும். சவுண்ட்ஃபைலரின்ர அடியில ஒரு நம்பர் பெட்டியைக் கொழுவிவிட்டா எத்தினை சாம்பிள் வந்தது எண்டு காட்டும், லூப்புக்கு, அதாவது சத்தத்தைத் திரும்பத் திரும்பச் சுத்த விடுறதுக்கு, அது தேவைப்படும்.

வாசிக்கிறதுக்கு டாப்பிளே~ (tabplay~) எண்டு ஒரு பெட்டி, அதோட அரேயின்ர பேர். அதில இருந்து *~ 0.3 எண்ட பெட்டிக்கு, அதில இருந்து ஸ்பீக்கருக்கு அனுப்புற டாக்~ (dac~) எண்ட பெட்டியின்ர ரெண்டு வாய்க்கும் வயர். டாப்பிளே~க்கு மேல ஒரு பேங்கை (தட்டினா 'தொடங்கு' எண்டு சொல்லுற வட்டப் பட்டன்) வைச்சுக் கொழுவி, டிஎஸ்பியை (பியூர் டேட்டாவின்ர சத்தத்துக்கான சுவிட்ச்) போட்டு, பேங்கைத் தட்டுங்கோ. அடி கேக்கும். அந்த 0.3 ஏன் எண்டா, நாலைஞ்சு சத்தம் ஒண்டா விழேக்க கூட்டி 1ஐத் தாண்டினா ஸ்பீக்கரில பிளந்து கேக்கும், கோயிலடி மைக்செற் மாதிரி. முதல்ல இருந்தே குறைச்சு வைச்சுக்கொண்டு சத்தத்தை ஸ்பீக்கரில கூட்டிறதுதான் புத்தி.

டாப்பிளே~க்கு பேங் குடுக்காம ரெண்டு இலக்கத்தை மெசேஜாக் குடுத்தா, முதலாவது எந்தச் சாம்பிளில தொடங்கிறது, ரெண்டாவது எத்தினை சாம்பிள். 48,000 ரேட்டில 48000 12000 எண்டு குடுத்தா ஒரு செக்கன் தள்ளித் தொடங்கி கால் செக்கன் கேக்கும். ஒரு முழுத் தவில் ஆவர்த்தனத்தை ஒரு அரேயில போட்டு, ஒவ்வொரு சொல்லும் தொடங்கிற இடத்தைக் குறிச்சு வைச்சு, எட்டு மெசேஜ் பெட்டியில எட்டுத் துண்டா வைச்சுக்கொண்டா அண்டைக்குப் பொழுது போறது தெரியாது. உது எம்பி3யில நேர செய்யேலாது.

சுத்த விடுறது

லூப்புக்கு நான் சொல்லுறது பட்டத்து விண், அதாவது காத்துக்குக் கூவுறதுக்கெண்டு பட்டத்தில பூட்டுற நாடா. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைப் பக்கம் போனா மேல விண் பூட்டின பட்டங்கள் கூவிக்கொண்டு நிக்கும், ஒரே சுருதியில நிக்கிற மாதிரிக் கிடக்கும், ஆனா காத்துக்கு மெல்லமா ஆடும். நாடகத்துக்குப் பின்னால விடுறதுக்கு அதை விடத் திறமான இழுவைச் சத்தம் எனக்குத் தெரியாது. இதை எம்பி3 ஆக்கிப்போட்டு லூப்பில விட்டா ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு 'டுக்' கேக்கும். எம்பி3 எழுதேக்க முன்னுக்குக் கொஞ்சம் வெறுமை சேரும், கடைசித் துண்டு 1152 நிரம்புறதுக்குப் பின்னுக்கும் கொஞ்சம் சேரும். சில பிளேயர் அந்தக் கணக்கை ஃபைலின்ர தலைப்பில இருந்து வாசிச்சு வெட்டிப்போட்டு வாசிக்கும், சிலது வாசிக்காது, நம்பேலாது. விண் மாதிரி ஓயாம நிக்கிற சத்தத்தில இந்தச் சின்ன ஓட்டை பளிச்செண்டு தெரியும், தவிலில எண்டா சிலவேளை தெரியாமலே போயிரும்.

அதால வேவ் ஆக்கினாப் பிறகு ஓடாசிட்டியில நடுவில இருந்து ஒரு நாலு செக்கனைத் தெரிவுசெய்து, இசட் எழுத்தை அமத்துங்கோ, தெரிவின்ர ரெண்டு கரையும் அலை பூச்சியத்தைத் தாண்டுற இடத்துக்கு நகரும். அதை மட்டும் தனி ஃபைலா எக்ஸ்போட் பண்ணுங்கோ. அரேயில போட்டபிறகு ஃபேசர்~ (phasor~) 0.25, அதில இருந்து *~ பெட்டி, அதுக்குள்ள சாம்பிள் எண்ணிக்கை, 48,000 ரேட்டில நாலு செக்கன் எண்டா 192000, அதில இருந்து டாப்ரீட்4~ (tabread4~), அதோட அரேயின்ர பேர், பிறகு பழையபடி 0.3ம் டாக்~உம். 0.25 எங்க இருந்து வந்தது எண்டா, நாலு செக்கனுக்கு ஒரு சுத்து. அதை 0.125 ஆக்கினா பாதி வேகம், ஒரு ஸ்தாயி கீழ. கழித்தல் போட்டா பின்னால இருந்து முன்னுக்கு ஓடும். ஒரு ஸ்லைடரை அதில கொழுவிவிட்டா உங்கட விரலே காத்து. இசட் அமத்தியும் கொஞ்சம் தட்டுற மாதிரி இருந்தா கடைசித் துண்டையும் தொடக்கத் துண்டையும் ஒண்டுக்குள்ள ஒண்டு கரைய விட்டு எழுதோணும், அது காதுக்குத்தான் தெரியும், கணக்குக்குத் தெரியாது.

நீளமான சத்தம்

இஞ்ச மெமரிக் கணக்கு வருது. அஞ்சு நிமிச ஸ்டீரியோ எம்பி3 128 கிலோபிட்டில 5 மெகாபைட்டும் வராது. வேவ் ஆக்கினா 44,100, 16 பிட்டில ஏறக்குறைய 53. 64 பிட் பியூர் டேட்டாவில அரேக்குள்ள ஒவ்வொரு சாம்பிளும் 8 பைட் பிடிக்கும், அப்ப அதே அஞ்சு நிமிசம் 210 மெகாபைட்டைத் தாண்டும். மூண்டு நாலு பாட்டை இப்பிடி ஏத்தினா பழைய லப்டொப் மூச்செறியும். மெமரி கூடின லப்டொப் எண்டாலும் நீளமான அரேயை டாப்ரீட்4~ஆல வாசிக்கேக்க போகப்போக இடத்தைக் குறிக்கிற இலக்கத்தின்ர துல்லியம் குறைஞ்சு சத்தம் கரகரக்கும், சில நிமிசத்துக்கு மேல அரே வேண்டாம்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் நடக்கேக்க வீதியில நிண்டு எடுத்த சனச் சத்தம் இருபது நிமிசம் இருக்கு, அது பின்னால சும்மா ஓடிக்கொண்டிருந்தாக் காணும் எண்டா ரீட்எஸ்எஃப்~ (readsf~) எண்ட பெட்டியைப் பாவியுங்கோ, ஸ்டீரியோ எண்டா பக்கத்தில 2 எண்டு போடுங்கோ. அது டிஸ்கில இருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்து வாசிக்கும், மெமரி போகாது. முதல்ல ஓப்பின் (open), இடைவெளி, ஃபைல் பேர் எண்டு ஒரு மெசேஜ், பிறகு 1 எண்டு ஒரு மெசேஜ், நிப்பாட்ட 0. ஓப்பினுக்கும் 1க்கும் இடையில ஒரு செக்கன் பொறுங்கோ, அதுக்குள்ள அது தொடக்கத்தை எடுத்து வைச்சிரும். ஒருக்கா ஓடி முடிஞ்சா, இல்லாட்டி நிப்பாட்டினா, திரும்ப ஓப்பின் குடுக்காம 1ஐ அமத்தினா ஒண்டும் வராது, ரெண்டாம் தரம் வேலைசெய்யேல்லை எண்டு வாற கேள்வியளில முக்கால்வாசி இதுதான். வலப்பக்கக் கடைசி வாயில இருந்து முடிஞ்ச உடன ஒரு பேங் வரும், அதைத் திரும்ப ஓப்பினுக்குக் கொழுவி, ஒரு டிலே வைச்சு 1க்குக் கொழுவினா தானாத் தொடரும்.

இல்லை, எம்பி3தான் வேணும் எண்டு நிக்கிற ஆக்களுக்கு

வழி இருக்கு. ஹெல்ப் மெனுவிலயோ டூல்ஸ் மெனுவிலயோ எக்ஸ்டேர்னல் (வெளியில இருந்து சேர்க்கிற பெட்டியள்) தேடுற இடம் கிடக்கும், அங்க எல்ஸ் (else) எண்ட லைப்ரரியைத் தேடி இறக்கினா அதில பிளே.ஃபைல்~ (play.file~) எண்ட பெட்டி எம்பி3, ஃபிளாக், ஓக் எல்லாம் வாசிக்கும். பிளக்டேட்டா எண்டு பியூர் டேட்டாவின்ர வடிவான முகம் ஒண்டு இருக்கு, அதுக்குள்ள எல்ஸ் ஏற்கனவே கிடக்கு. மேக்ஸில எம்பி3 நேர திறக்கும். கோட் எழுதிச் சத்தம் செய்யிற சூப்பர்கொலைடர் எண்ட சொஃப்ட்வெயாரில ஃபிளாக்கும் ஓக்கும் பிரச்சினை இல்லை, எம்பி3 அது பாவிக்கிற லிப்சண்ட்ஃபைல் எண்ட லைப்ரரியின்ர பதிப்பைப் பொறுத்தது, 2022இல வந்த 1.1இல இருந்துதான் அதுக்கு எம்பி3 விளங்கும். பின்னால ஓடுற நீளச் சத்தத்துக்கு இதெல்லாம் தாராளமாக் காணும். தட்டுறதுக்கும் சுத்துறதுக்கும் நான் மேல சொன்னதுதான்.

பிரவுசரில செய்யிற ஆக்களுக்குக் கதை கொஞ்சம் வேற, அங்க ஆக்களின்ர டேட்டா போகுது எண்டபடியா சுருக்கித்தான் அனுப்போணும். எம்பி3 எல்லாப் பிரவுசரிலயும் திறக்கும். ஆனா பிரவுசர் அதை முழுசா விரிச்சு மெமரியில 32 பிட்டா வைச்சுக்கொண்டுதான் வாசிக்கும், அஞ்சு நிமிச ஸ்டீரியோ 100 மெகாபைட்டுக்கு மேல, மலிவுப் போனில அதோட பேஜ் செத்துப்போகும். லூப்புக்குப் போற சின்னச் சத்தங்களை மட்டும் வேவாவே வைச்சா அந்த 'டுக்' வராது, நாலு செக்கன் மோனோ 400 கிலோபைட்டும் வராது. ரேட்டைப் பற்றி அங்க யோசிக்கத் தேவையில்லை, விரிக்கேக்க பிரவுசரே மாத்திரும். ஆக்கள் ஒருக்காத் தொடமுதல் சத்தம் தொடங்க விடாது, அதால தொடக்கத்தில ஒரு பட்டன் வையுங்கோ.

ஒறிஜினல் வேவுகளை ஃபிளாக் ஆக்கி எங்கயும் ஏத்தி வையுங்கோ, அளவு கன இடத்தில அரைவாசிக்குக் கிட்ட வரும், விரிச்சா ஒரு சாம்பிளும் மாறாம அப்பிடியே வரும். மேடைக்குப் போகேக்க ஃபோல்டரைப் பென் டிரைவில கொண்டுபோனாலும் அதில இருந்தே ஓட விடாதேங்கோ, மலிவுப் பென் டிரைவ் எண்டா ரீட்எஸ்எஃப்~ விக்கி விக்கி வாசிக்கும். அங்க இருக்கிற லப்டொப்பின்ர டிஸ்குக்கு முழு ஃபோல்டரையும் கொப்பி பண்ணி, ஓடியோ செட்டிங்ஸில ரேட்டைப் பாத்து, சுருதிப்பெட்டி ஃபைலை ஒருக்கா ஓட விட்டு, பாடப்போற பிள்ளையை பக்கத்தில நிண்டு 'சா' பிடிக்கச் சொல்லுங்கோ, சேர்ந்தா மிச்ச ஃபைலுகளும் சரி.